பதினேழு டாலர் நாற்பது சென்ட்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில், பள்ளி விடுமுறைப் பட்டியலுக்கும் பல் மருத்துவரின் அட்டைக்கும் நடுவில், ஒரு கணக்குச் சீட்டு ஓராண்டுக்கும் மேலாக ஒட்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் நாங்கள் போன உல்லாசக் கப்பலில், கடைசி இரவு அறைக் கதவில் செருகிவிட்டுப் போனது அது. இரண்டு காப்பி, ஒரு தலைவலி மாத்திரை, ஒரு வார இணையக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கீழே, கழித்தல் குறியோடு ஒரு வரி: துறைமுகக் கட்டணம் திருப்பியளிப்பு, 17.40. மூன்று பேருக்கும் மூன்று முறை. ஆகமொத்தம் 52 டாலர் 20 சென்ட். அம்மா தம் மூத்த மகனைப் பார்க்க முடியாமல் போனதற்கு எங்களுக்குக் கிடைத்த ஈடு அதுதான். அதைக் கிழித்துப் போட எங்கள் இருவருக்கும் கை வரவில்லை.

எங்கள் இருவருக்கும் என்று சொல்கிறோமே தவிர, அந்த அம்மா எங்களில் ஒருவருக்குத்தான் தாய், மற்றவருக்கு மாமியார். இதை எழுதியது யார் என்று கேட்பவர்களுக்கு, ஒருவர் சொல்ல மற்றவர் தட்டச்சு செய்தோம், பிறகு இடம் மாறிக்கொண்டோம் என்பதே பதில். ஹூஸ்டனில் இருக்கிறோம். அம்மா லால்குடிப் பக்கம். அண்ணன் கேட்டரிங் படித்துவிட்டு முதலில் உல்லாசக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தார். பிறகு கிராண்ட் கேமன் தீவில் ஒரு ஹோட்டலில் சேர்ந்து, அங்கேயே ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அந்தத் தீவின் பெண், கிறிஸ்தவர், கறுப்பினத்தவர். இந்த மூன்றில் எது அப்பாவுக்கு அதிகம் வலித்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமல் இருந்துதான் தண்டித்தார். 2018இல் நடந்த திருமணத்துக்கு வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. போகாதவர்களில் நாங்களும் உண்டு என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

2020இல் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. 2021இல் அப்பா இறந்தார். கேமன் தீவுகளின் எல்லைகள் அப்போது கொரோனாவுக்காக மூடிக் கிடந்தன. புறப்பட்டால் திரும்பிவர வழி உண்டா, திரும்பினால் வேலை இருக்குமா என்று எதுவும் உறுதியில்லாத நேரம். அண்ணன் வரவில்லை. கொள்ளி வைக்க மூத்தவன் வரவில்லை என்பதை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று லால்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அதையும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துக்கொண்டார். அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டது.

அம்மா எங்களிடம் வந்து தங்கியபோது அண்ணனைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டோம். விமானத்தில் போனால் ஒரு மதியத்துக்குள் போய்விடலாம். அம்மா அசையவில்லை. அவன் வீட்டு வாசலில் போய் நிற்க மாட்டேன் என்றார். அண்ணனுக்கு அமெரிக்க விசா இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. பிறகு ஒருநாள், கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஏழு இரவுக் கப்பல் பயணத்தின் விளம்பரத்தை எங்களில் ஒருவர் சும்மா படித்துக் காட்டினோம். ஜமைக்கா, கிராண்ட் கேமன், கொசுமெல். அம்மா காய் நறுக்கிக்கொண்டே, "வழியில இருக்குன்னா இறங்கிப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

அந்த 'வழியில்' என்ற சொல்லுக்காகத்தான் மூன்று டிக்கெட் வாங்கினோம். தேடிப் போவது வேறு, வழியில் பார்ப்பது வேறு. காலை எட்டு மணிக்கு வந்து மாலை நான்கு மணிக்குக் கிளம்பும் கப்பல். ஏறி இறங்கும் நேரம் போக ஆறு மணி நேரம். மன்னிப்புக் கேட்கவோ கொடுக்கவோ நேரம் போதாது. சாப்பிட்டுவிட்டு ஒரு மடியில் ஒரு குழந்தையை உட்கார வைக்கப் போதும். கப்பல் ஊதினால் எழுந்து வந்துவிடலாம். அழுகை எல்லை மீறும் முன் ஒரு கேப்டன் வந்து எல்லோரையும் காப்பாற்றிவிடுவார். அம்மாவின் கணக்கு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று பிறகு பேசிக்கொண்டோம்.

அண்ணன் மட்டும் மகிழ்ச்சியோடு ஒரு சந்தேகத்தையும் சேர்த்தே சொன்னார். ஜனவரியில் வருகிறீர்கள், டெண்டர் துறைமுகம், எதையும் உறுதியாக நம்ப வேண்டாம் என்றார். கப்பலில் வேலை பார்த்தவர் அல்லவா. ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல்கள் அணைவதற்கு மேடை கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும். உள்ளூர்ப் படகுகள் வந்து பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோகும். அந்தப் படகுகளைத்தான் டெண்டர் என்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதியில் கிழக்கிலிருந்து காற்று வீசுவதால் தீவின் மேற்குக் கரையில் இருக்கும் ஜார்ஜ் டவுன் காற்று மறைவில் குளம்போலக் கிடக்கும். குளிர்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து இறங்கும் குளிர்காற்று மெக்ஸிகோ வளைகுடாவைத் தாண்டி வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். வடமேற்கிலிருந்து அலை நேராக ஊரின் முகத்தில் அறையும். தீவுக்காரர்கள் அதை நார்வெஸ்டர் என்பார்களாம். நம் மொழியில் வாடை. வடக்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு நம் பழைய கவிஞர்கள் என்ன வேலை கொடுத்திருந்தார்கள் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அப்படிப்பட்ட நாளில் சில கப்பல்கள் தெற்குக் கரையில் ஸ்பாட்ஸ் என்ற சிறு இறங்குதுறைக்குப் போகும், அதற்கும் கடல் இடம் கொடுக்க வேண்டும் என்றார் அண்ணன்.

அம்மாவிடம் இதைச் சொன்னோமா என்றால், சொன்னோம்; அழுத்திச் சொல்லவில்லை. அம்மா லால்குடியிலிருந்து வரும்போதே ஒரு பட்டுப் பாவாடையும் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசும் கொண்டுவந்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெட்டியின் அடியில், துணிக்கடைப் பையில் சுற்றி, நான்கு மாதமாக. யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. நாலரை வயதுக் குழந்தையின் காலுக்கு அளவு பார்த்து வாங்கிய கொலுசு எங்கள் வீட்டில் வேறு யாருக்கு?

ஐந்தாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கே அம்மா குளித்து, நீலப் பட்டுக் கட்டி, தயாராக உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்கு மேல்தளத்துக்குப் போனோம். தீவு தெரிந்தது. இவ்வளவு தட்டையான நிலத்தை நாங்கள் பார்த்ததில்லை. கடல்மேல் யாரோ பச்சைக் கோடு ஒன்று இழுத்து வைத்ததுபோல் இருந்தது. கட்டடங்களின் ஜன்னல்கள்கூடத் தெரிந்தன. கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை. கரையிலிருந்து ஒரு படகு வந்தது. கப்பலின் பக்கவாட்டுக் கதவருகே வந்ததும் அதன் மூக்கு ஒரு ஆள் உயரம் மேலே போய்க் கீழே விழுந்தது. இரண்டாம் முறை முயன்றது. மூன்றாம் முறை முயலவில்லை.

எட்டரை மணிக்குக் கேப்டனின் குரல் வந்தது. ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறோம், தெற்குக் கரையையும் விசாரித்தோம், அங்கும் அலை திரும்பி வருகிறது, பயணிகளின் பாதுகாப்பே முதன்மை, வருந்துகிறேன், இன்று கடல்நாள். மேல்தளத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் நீச்சல் குளத்தருகே சாய்வு நாற்காலிகளுக்குப் போட்டி ஆரம்பமாகிவிட்டது. எங்களுக்குக் கேப்டன்மேல் கோபம் வரவில்லை, இப்போதும் இல்லை. அந்தப் படகின் மூக்கை நாங்களே பார்த்தோம். எழுபத்து மூன்று வயது அம்மாவை அதில் காலெடுத்து வைக்கச் சொல்ல எங்களாலும் முடிந்திராது.

அண்ணன் கரையில்தான் இருந்தார். முதல்நாள் இரவே விடுப்பு எடுத்து, குழந்தையையும் அண்ணியையும் அழைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றிருந்தார். கப்பலின் இணையத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எப்படியோ கிடைத்தது. திரையில் அண்ணனின் முகம் வந்தது. அம்மா பேசவில்லை. அண்ணனும் பேசவில்லை. பிறகு அண்ணன் கேமராவைக் கடல் பக்கம் திருப்பினார்.

திரையில் எங்கள் கப்பல் தெரிந்தது. வெள்ளையாக, பொம்மை அளவில். அம்மா தாம் நிற்கும் கப்பலைத் தம் மகனின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்ன விரல் திரைக்குள் நுழைந்து கப்பலைத் தொடுவதுபோல் காட்டியது. "அப்பாயி?" என்று ஒரு குரல். குழந்தைக்குத் தமிழில் அந்த ஒரு சொல்தான் தெரியும். ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அம்மா கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து, தீவை நோக்கி ஆட்டினார். தெரியாது என்று எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். முந்தானையை இழுத்துத் தலைக்கு மேலே பிடித்து ஆட்டினார். அங்கிருந்து அண்ணன், "நீலக் கலரா? நீலமா கட்டியிருக்க?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றார். ஏழு ஆண்டுகளில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான், நேருக்கு நேர் என்று அதைச் சொல்லலாமானால். கப்பல் மெல்லத் திரும்பியது. "சாப்டியாடா" என்றார் அம்மா. அதற்குப் பதில் வருவதற்குள் படம் உறைந்துவிட்டது.

அன்று பதினொரு மணிக்குச் சூதாட்டக் கூடம் திறந்தது. வரியில்லாக் கடைகளும் திறந்தன. கப்பல் துறைமுகத்தில் நிற்கையில் இவை மூடியிருக்க வேண்டும். கடலில் இருந்தால் திறக்கலாம். ஆகவே ஒரு துறைமுகம் தவறினால் கப்பலுக்கு ஒரு வியாபார நாள் கூடுகிறது. காற்றை அதற்காக வரவழைத்தார்கள் என்று சொல்ல மாட்டோம். ஆனால் எங்கள் நஷ்டத்தைத் தலைகீழாகப் பிடித்தால் அது அவர்கள் புத்தகத்தில் லாபமாகத் தெரியும் என்பதைக் கவனிக்காமலும் இருக்க முடியவில்லை.

விசாரணைக் கவுன்ட்டரில் வரிசை நீண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர் திருக்கை மீன்களோடு நீந்தும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தார். கப்பல் வழியாகப் பதிவு செய்தவர்களுக்கு முழுப்பணமும் தானாகவே கணக்கில் வந்துவிடும் என்றாள் அந்தப் பெண். தனியாக வெளியில் பதிவு செய்தவர்கள் அந்தந்த நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். அடுத்து நாங்கள். எங்களிடம் கேட்க என்ன இருந்தது? மகனைப் பார்க்க வந்தோம் என்றோம். அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்களை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மும்பைப் பெண். துறைமுகக் கட்டணம் ஆளுக்குப் பதினேழு டாலர் நாற்பது சென்ட் வரும், அதற்குமேல் இந்த மேஜையில் என்னால் எதுவும் செய்ய முடியாது, ஊருக்குப் போய்க் கடிதம் எழுதுங்கள் என்றாள். காலையிலிருந்து அவள் வாங்கிக்கொண்டிருந்த வசவுகளுக்கும் அந்த வாடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அன்றிரவு, டிக்கெட் வாங்கும்போது படிக்காமலே சம்மதம் என்று அழுத்திய ஒப்பந்தத்தை முதல்முறையாக முழுதும் படித்தோம். இரண்டு மணி நேரம் பிடித்தது. எங்கள் இருவரில் சட்டம் படித்தவர் யாரும் இல்லை. இருந்தாலும் விஷயம் புரியாமல் போகிற மாதிரி எழுதப்படவில்லை. நிறுவனம் எந்தக் காரணத்துக்காகவும், முன்னறிவிப்பு இல்லாமலும், எந்தத் துறைமுகத்தையும் தவிர்க்கலாம், மாற்றலாம், முன்பின்னாக்கலாம். அதற்காக எந்தப் பொறுப்பும் கிடையாது. இதுதான் சாரம். அதாவது நாம் வாங்குவது மூன்று துறைமுகங்களுக்கான பயணம் அல்ல; ஏழு இரவு மிதக்கும் ஒரு அறையும் சாப்பாடும். துறைமுகங்கள் விளம்பரத்தில்தான் முதலில் வருகின்றன. ஒப்பந்தத்தில் அவை ஒரு உத்தேசம். வழக்குப் போடுவதானால் ஃப்ளோரிடாவில்தான் போட வேண்டும் என்றும் ஒரு பிரிவு இருந்தது. இப்படிப்பட்ட பிரிவு செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. வழக்குப் போட்டது நாட்டின் மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த ஒரு தம்பதி.

அப்படியானால் அந்தப் பதினேழு டாலர் மட்டும் ஏன் வந்தது? இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. கப்பல் நிறுவனங்கள் கட்டணத்துக்கு மேலே துறைமுகக் கட்டணம் என்று தனியே ஒரு தொகை வாங்கும் பழக்கம் முன்பே இருந்தது. அதில் ஒரு பகுதிதான் உண்மையில் துறைமுகங்களுக்குப் போகிறது, மிச்சத்தைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள் என்ற புகார் தொண்ணூறுகளில் எழுந்தது. 1997இல் பல நிறுவனங்கள் ஃப்ளோரிடா மாநில அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அந்தப் பெயரில் வாங்கிவிட்டுக் கையில் வைத்துக்கொள்வது ஏமாற்று வணிகம் என்று 2000இல் ஃப்ளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஒரு வழக்கில் சொன்னது. அந்தக் காசு தீவுக்குப் போயிருக்க வேண்டியது. நாங்கள் தீவில் கால் வைக்கவில்லை, ஆகவே போகவில்லை. எங்களுக்குத் திரும்பி வந்தது எங்கள் காசேதான். ஈடு என்று நாங்கள் மேலே எழுதியதை இப்போது திருத்திக்கொள்ள வேண்டும். ஈடாக எங்களுக்கு எதுவுமே வரவில்லை.

ஊர் திரும்பியபிறகு ஒரு மாதம் இதுவே எங்கள் வீட்டுப் படிப்பாக இருந்தது. அமெரிக்காவின் மத்தியக் கடல்சார் ஆணையம் 2022இல் ஒரு விதி கொண்டுவந்தது: பயணமே ரத்தானாலோ, புறப்பாடு மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோ பணம் திரும்ப வேண்டும். துறைமுகம் தவறுவது அதில் வராது. 2013இல் கப்பல் நிறுவனங்களின் சங்கம் வெளியிட்ட பயணிகள் உரிமைப் பட்டியல், இயந்திரக் கோளாறால் பயணம் நின்றுபோவதைப் பற்றிப் பேசுகிறது. காற்று இயந்திரம் அல்ல. ஐரோப்பாவில் கதை வேறு. 2015இன் தொகுப்புப் பயண உத்தரவின்படி, சொன்னபடி கொடுக்காவிட்டால், தப்பு பயணியுடையதாக இல்லாத வரை, விலையில் ஒரு பகுதியைக் குறைக்க வேண்டும். கொரோனாவால் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் கெட்டுப்போன ஒரு விடுமுறைக்கும் இது பொருந்தும் என்று 2023 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் கப்பல் ஹாம்பர்கிலிருந்து புறப்பட்டிருந்தால் குறைந்தது கேட்கவாவது ஒரு பிடி இருந்திருக்கும்.

இந்தத் தீர்ப்புகளைத் தேடிப் படிப்பதில் ஒரு விசித்திரமான ஆறுதல் இருந்தது. எங்களைப்போல் நிறையப் பேர் நீதிமன்றத்தில் போய் நின்று, ஏமாற்றத்துக்கு என்ன விலை என்று கேட்டிருக்கிறார்கள். 1969 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓர் இளம் ஆங்கில வழக்கறிஞர் 63 பவுண்டு 45 பென்ஸ் கட்டி இரண்டு வார விடுமுறைக்குச் சுவிட்சர்லாந்து போனார். கலகலப்பான விருந்தினர் கூட்டம் இருக்கும் என்றது விளம்பரம். முதல் வாரம் பதின்மூன்று பேர். இரண்டாம் வாரம் அவர் ஒருவரே. விடுதிக்காரருக்கு ஆங்கிலம் வராது. அருமையான சுவிஸ் கேக் என்றார்கள், உருளைக்கிழங்கு வறுவலும் காய்ந்த கேக்கும் வந்தன. மலைப்பாட்டுக் கலைஞர் என்று சொல்லப்பட்டவர் வேலை உடுப்போடு வந்து நாலைந்து பாட்டு வேகமாகப் பாடிவிட்டுப் போனார். கீழ் நீதிமன்றம் பாதிப் பணம் கொடுத்தது. மேல்முறையீட்டில் டென்னிங் பிரபுவின் அமர்வு 1972இல் 125 பவுண்டு கொடுத்தது. கட்டியதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. விடுமுறை என்றால் வாங்கிய பொருள் இன்பம்தான், அது கிடைக்காத மனவருத்தத்துக்கும் நஷ்டஈடு உண்டு என்பது தீர்ப்பின் உட்பொருள். அந்தப் பாடகரைப் பற்றிய பகுதியை அம்மாவுக்குத் தமிழில் சொன்னோம். வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

இன்னொன்றை அம்மாவிடம் சொல்லவில்லை. ரஷ்யக் கவிஞரின் பெயர் தாங்கிய 'மிகயில் லெர்மன்தவ்' என்ற உல்லாசக் கப்பல் 1986 பிப்ரவரி 16 அன்று நியூசிலாந்துக் கரையோரம் பாறையில் மோதி மூழ்கியது. பதினான்கு நாள் பயணத்தின் பத்தாம் நாள். தப்பிய பயணி ஒருவர் முழுக் கட்டணத்தையும் திருப்பிக் கேட்டார். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1993இல் மறுத்தது: எட்டு நாள் முழுதாக அனுபவித்திருக்கிறீர்களே என்றது. ஆனால் ஏமாற்றத்துக்கும் மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு செல்லும் என்றது. 2013இல் ஐரோப்பிய ஆறுகளில் வெள்ளம் வந்து, படகுப் பயணம் பேருந்துப் பயணமாக மாறிப்போன ஓர் ஆசிரியரின் வழக்கிலும் அதே நீதிமன்றம் 2020இல் ஏமாற்றத்துக்குச் சாதகமாகவே சொன்னது. கவனித்துப் பார்த்தால் எல்லாத் தீர்ப்புகளும், விளம்பரம் எதை விற்றதோ அந்த இன்பத்தின் இழப்பைத்தான் அளக்கின்றன. எங்கள் விளம்பரத்தில் திருக்கை மீன் இருந்தது, ஏழு மைல் கடற்கரை இருந்தது. அண்ணன் இல்லை.

பயணக் காப்பீட்டுக்காரர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். துறைமுகம் தவறியதற்கு எங்கள் பாலிசியில் இடம் உண்டு. ஆனால் முன்கூட்டியே கட்டி, திரும்பக் கிடைக்காமல் போன தொகைக்கு மட்டும். ரசீது கேட்டார்கள். அண்ணனைப் பார்க்க நாங்கள் முன்பணம் எதுவும் கட்டியிருக்கவில்லை. அந்தப் படிவத்தில் 'இழப்பின் விவரம்' என்ற கட்டம் ஒன்றரை அங்குலம் இருந்தது. எங்களில் ஒருவர் எழுதி, மற்றவர் அடித்து, கடைசியில் அனுப்பாமலே விட்டோம்.

கப்பல் நிறுவனத்துக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதினோம். சட்டம் பேசவில்லை. நடந்ததை எழுதினோம். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. வானிலை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, ஆயினும் நல்லெண்ணத்தின் அடையாளமாக, 2025 டிசம்பர் 31க்குள் முன்பதிவு செய்யும் அடுத்த பயணத்தில் பத்து சதவீதத் தள்ளுபடி. கூப்பனில் அம்மாவின் பெயர் தவறாக அச்சாகியிருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு ஏறினா நிச்சயமா எறக்கி விடுவாங்களா?" என்று கேட்டார். இல்லை, அப்படி எழுதித் தர மாட்டார்கள் என்றோம். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் கணக்கையே போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணன்தான் வேறொரு கணக்கைச் சொன்னார். அன்று துறைமுகத்தில் வேன் ஓட்டுகிறவர்கள், படகுக்காரர்கள், தேங்காய் வெட்டித் தருகிறவர், தொப்பி விற்கும் கிழவி என்று எல்லோரும் பத்து மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அவர்களுக்குப் பதினேழு டாலர்கூட இல்லை. தலைக்கு வர வேண்டிய வரி தீவின் அரசுக்கும் இல்லை. நாங்கள் வாங்கியது அதைத்தானே.

அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று கேமன் தீவுகளில் தேர்தலோடு ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. உல்லாசக் கப்பல்கள் நேராக வந்து அணைய மேடை கட்டலாமா என்பது கேள்விகளில் ஒன்று. பல ஆண்டுச் சண்டை அது. 2019இல் நடக்கவிருந்த ஒரு வாக்கெடுப்பு வழக்குகளால் நின்றுபோனது. கட்டினால் துறைமுகத்தின் பவளப் பாறைகள் போய்விடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். மக்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அண்ணனுக்கு அங்கே ஓட்டு இல்லை. அண்ணிக்கு உண்டு. வேண்டாம் என்றுதான் போட்டாராம். அண்ணன் இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மேடை இருந்தாலும் அன்றைய அலையில் கப்பல் அணைந்திருக்குமா என்பது சந்தேகமே என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

அம்மாவிடம் சொல்லலாமா என்று நாங்கள் இரண்டு நாள் யோசித்தோம். அதற்குள் அண்ணியே சொல்லிவிட்டார். வாரம் இருமுறை இப்போது அழைப்பு வருகிறது, லால்குடிக்கு. அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம். அண்ணிக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம். நடுவில் குழந்தை மொழிபெயர்க்கிறது என்று சொன்னால் மிகை, ஆனால் அது நடுவில்தான் உட்கார்ந்திருக்கும். அண்ணியின் தாத்தா அந்தப் பாறைகளில்தான் மீன் பிடித்தாராம். அம்மா எங்களிடம் பிறகு சொன்னது: "கடல் அவ ஊருது. நான் ஒருநாள் எறங்கறதுக்காக அதைப் பேக்கணுமா?"

கூப்பன் காலாவதியாகிவிட்டது. கொலுசைத் தபாலில் அனுப்பட்டுமா என்று இரண்டு முறை கேட்டோம். வேண்டாம், கையால் போட வேண்டும் என்கிறார் அம்மா. பாவாடை இனிமேல் ஆகாது. கொலுசுக்கு மட்டும் வழி இருக்கிறதாம். போன வாரம் அண்ணனிடம் ஒரு நூலை எடுத்துக் குழந்தையின் கணுக்காலில் சுற்றி அளந்து சொல்லச் சொன்னார். குழந்தைக்குக் கூச்சம், காலை இழுத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறைதான் சரியான அளவு கிடைத்தது. லால்குடிக் கடைத்தெருவில் அந்த வெள்ளிக்காரர் இன்னும் இருக்கிறார். இரண்டு கண்ணி சேர்த்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்.